சிவப்பு மைக்குக் கீழே

ஆத்தங்கரைப்புதூர்,
13 ஜூன் 2025, வெள்ளி

அன்புள்ள வாப்பாவுக்கு, மகள் முஃபீதா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் நல்ல சுகம். பாலைவனச் சூட்டில் தண்ணி லாரி ஓட்டும் உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். இந்த வருஷம் விஜயஸ்ரீ டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கடிதப் பீரியடு ஆக்கிவிட்டார். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதே பதினோரு பேர்தான். ஒவ்வொருவரும் தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு எழுத வேண்டும். டீச்சர் சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக் கையெழுத்துப் போடுவார். அப்புறம் நாங்களே உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்போம். தச்சநல்லூரில் இருக்கிற தன் வீட்டுக்குப் போகிற வழியில் ஆழ்வார்திருநகரியில் இறங்கி அவரே போஸ்ட்டில் சேர்ப்பார்.

ரெண்டாம் வகுப்பு ரீபாவுக்கு மட்டும் எழுத ஆளில்லை. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா சாரம்மாள் அக்கா உள்ளூர் வாழைத்தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறார். அதனால் அவள் டீச்சருக்கே எழுதி டீச்சர் கையிலேயே கொடுக்கிறாள். டீச்சர் தபால்காரர் மாதிரி வாங்கிக்கொள்கிறார்.

இனி எழுதுவது டீச்சர் திருத்திய பிறகு, சிவப்பு மைக்குக் கீழே. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது வாப்பா. பாடத்தில் எங்களை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள் அல்லவா, அதனால் குட்டிக்கு மொட்டு என்று பெயர் வைத்தோம். டீச்சர் விரட்டச் சொன்னார். விரட்டினோம். அது திரும்பி வந்துவிட்டது. என் கையை நக்குகிறது. உம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். "நாயத் தொட்டுட்டு ஊட்டுக்குள்ள வந்தேன்னு வையி, அந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம்னு டவுன் வேன்ல ஏத்திருவேன்" என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். போனில் கேட்டுவிடாதீர்கள். உம்மா ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவார்.

உங்கள் துஆவை வேண்டும் மகள்,
முஃபீதா


தம்மாம்,
4 ஜூலை 2025

என் கண்ணு முஃபீதாவுக்கு, வாப்பா எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு சுகம். உன் சுகமும் உம்மா சுகமும் அவ்விதமே இருக்க துஆச் செய்கிறேன்.

உன் கடிதத்தைக் கேம்ப்பில் எல்லோருக்கும் காட்டினேன். மதுரைக்காரர் ஒருத்தர், "மீரான் பாய், இந்தக் காலத்துல கடுதாசி வாங்குன ஒரே ஆளு நீங்கதான்" என்றார். ஆபீஸ் தபால் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து சாமான் வண்டியில் ஏறி, கேம்ப்புக்கு வர நாள் பிடிக்கிறது. பரவாயில்லை. போனை வைத்தால் பேச்சு போய்விடுகிறது. இது தலையணைக்குக் கீழே இருக்கிறது.

கீழே எழுதியதையும் படித்தேன். சின்ன வயதில் நானும் ஒரு குட்டி வளர்த்து உன் பாட்டனாரிடம் அடி வாங்கியவன்தான். நக்கினால் பயப்படாதே. சித்தி ஜனாபா லாத்தா குர்ஆன் ஓதிக்கொடுக்கும்போது சொல்லியிருப்பாரே, நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீர். அப்படிக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போ. உம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவள் எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். சிவப்பு மைக்குக் கீழே இருப்பது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

ஸலாத்துடன்,
உன் வாப்பா அகமது மீரான்


ஆத்தங்கரைப்புதூர்,
25 ஜூலை 2025, வெள்ளி

அன்புள்ள வாப்பாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்களுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

இந்த வாரம் திங்கட்கிழமை உப்புமா, செவ்வாய்க்கிழமை கிச்சடி. எனக்குப் பின்னக் கணக்கு வந்துவிட்டது. ரீபாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது. சுவரில் இருக்கிற எல்லாவற்றையும் வாசிக்கிறாள். கழிப்பறைக் கதவில் இருப்பதையும் சத்தமாக வாசித்து டீச்சரிடம் திட்டு வாங்கினாள். இடைவேளையில் என் பின்னாலேயே திரிகிறாள். நான் என்ன சொன்னாலும் சரி என்பாள்.

சிவப்பு மைக்குக் கீழே. வாப்பா, மொட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து மூலையிலேயே கிடந்தது. முட்டை கொடுத்தோம், மோந்துகூடப் பார்க்கவில்லை. வாயிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்று நினைத்தோம். செவ்வாய்க்கிழமை நான் முட்டையைக் கிட்டே நீட்டினேன், கையைக் கடித்துவிட்டது. ஓடும்போது ரீபாவையும் கெண்டைக்காலில் கடித்தது. அவளுக்குத்தான் ரத்தம் அதிகம்.

ரீபா அழுதாள். அவள் அம்மா அடிப்பாராம். நான் அவளை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய், நீங்கள் எழுதியபடி என் கையையும் அவள் காலையும் ஏழு தடவை கழுவினேன், ஒரு தடவை ஆற்றுமண்ணைக் கரைத்து. "எங்க வாப்பாவே எழுதியிருக்காங்க, இது போதும்" என்று சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் சத்தியம் செய்தாள். நானும் செய்தேன். சரிதானே வாப்பா? புதன்கிழமையிலிருந்து மொட்டைக் காணவில்லை.

மகள்,
முஃபீதா


தம்மாம்,
1 ஆகஸ்ட் 2025

என் கண்ணு முஃபீதாவுக்கு வாப்பாவின் ஸலாம். சுகம். உன் அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை. சாமான் வண்டி பத்து நாளாகக் கேம்ப் பக்கம் வரவில்லை. காத்திருக்கப் பொறுக்காமல் நானே எழுதுகிறேன்.

போன வாரம் டவுனுக்குப் போனேன். உனக்குக் கலர் பென்சில் ஒரு பெட்டி வாங்கினேன். பக்கத்துக் கடையில் நாய்க்குட்டிக்குக் கழுத்துப் பட்டை தொங்கியது. நீல நிறம், சின்ன மணி வைத்தது. விலையைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். உம்மாவுக்குத் தெரியாமல் எப்படி அனுப்புவது என்றுதான் யோசனை.

மொட்டு வளர்ந்திருக்குமே இப்போது? ரீபாவும் நீயும் அதோடு ஓடுவதை லாரி ஓட்டும்போது நினைத்துக்கொள்வேன். இந்த மணலில் நினைத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

ஸலாத்துடன்,
வாப்பா


ஆத்தங்கரைப்புதூர்,
8 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அன்புள்ள வாப்பாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

சுதந்திர தினத்துக்குப் பாட்டு படிக்கிறோம். ரீபா கொடி பிடிக்கிறாள். எனக்கு இந்த வாரம் எழுத ஒன்றும் தோன்றவில்லை. டீச்சர், "ஏன் முஃபீதா மொகம் இப்படி இருக்கு? ராத்திரி தூங்கலியா?" என்று கேட்டார். தூங்கினேன் என்று சொன்னேன்.

சிவப்பு மைக்குக் கீழே. வாப்பா, என் போன கடிதம் வந்ததா? மொட்டு செத்துப்போய்விட்டது. வாய்க்கால் மடையில் கிடந்தது. ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாறும்பூநாதன் மாமாதான் குச்சியால் தள்ளிப் பார்த்தார். "வெறி புடிச்ச குட்டிலா இது! ஏ பிள்ளையளா, யாரையும் கடிச்சிச்சா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். ரீபா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வெறிநாய் கடித்தால் கொஞ்ச நாள் ஒன்றும் தெரியாதாம். பிறகு தண்ணீரைக் கண்டால் பயம் வருமாம், தொண்டை அடைத்துக்கொள்ளுமாம், அப்புறம் பிழைக்கவே மாட்டார்களாம். அவர் சொல்லிக்கொண்டே குழாய் திருகப் போய்விட்டார்.

நான் காலையில் எழுந்ததும் முதலில் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் வந்ததும் ரீபாவுக்கு என் பாட்டிலைக் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறேன். அவளுக்கு எதற்கு என்று தெரியாது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே குடிக்கிறாள். அவள் முழுங்கும் வரை எனக்கு மூச்சு வராது.

ஏழு தடவை கழுவினால் இதுவும் போகுமா வாப்பா? சித்தி ஜனாபா லாத்தாவிடம் கேட்கலாம் என்று போனேன். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை போனில் "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டீர்கள். உம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கேன் என்று சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

முஃபீதா


தம்மாம்,
15 ஆகஸ்ட் 2025

என் உயிர் மகளுக்கு, வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது.

நேற்றுச் சாமான் வண்டி வந்தது. உன் ஜூலை மாதக் கடிதம் அதில்தான் இருந்தது. லாரியில் உட்கார்ந்து படித்தேன். கீழே இருந்ததைப் படித்ததும் மணல்மேட்டில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்கு அலைந்தேன். உம்மாவிடம் அவ்வளவு சத்தம் போட்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். "பிள்ளைய இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு வாயில் வரவில்லை.

முதல் ஊசி போட்டாயிற்று என்று உம்மா சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். மிச்ச ஊசியில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. காய்ச்சல் வந்தால் சொல், கை மரத்தால் சொல். தண்ணீர் குடி. கழுவினால் போதும் என்று எழுதிய கை இந்தக் கை. நக்கினதற்கு எழுதியதை நீ கடித்ததற்கும் எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றவில்லை. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது யா அல்லாஹ்.

ஊருக்குப் போகிற நம் பக்கத்து ஆள் ஒருத்தர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், சீக்கிரம் வந்துவிடும்.

வாப்பா


ஆத்தங்கரைப்புதூர்,
22 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அன்புள்ள வாப்பாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். மூன்று ஊசி போட்டாயிற்று, இன்னும் ஒன்று பாக்கி.

இந்தத் தடவை கீழே எழுத ஒன்றும் வைக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் மேலேயே, டீச்சர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வாயால் சொல்ல மூன்று நாளாகப் பார்த்தேன், வரவில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீங்கள் ரீபாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. போனிலும் கேட்கவில்லை. அவளைக் கடித்ததையும் நான் எழுதியிருந்தேனே, அந்த வரியைப் படித்தீர்களா?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வேற யாரையாவது கடிச்சிச்சாம்மா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்ல" என்று உம்மா முந்திக்கொண்டார். என்னையும் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வரும்போது உம்மா, "ஏட்டி, நாய் கடிச்ச விஷயத்தப் பள்ளிக்கூடத்துல மூச்சு விடாத, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். டீச்சரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். டீச்சர், எனக்குக் காய்ச்சல் இல்லை. என்னை நாய் கடித்தது. மொட்டுதான் கடித்தது. ஒரு தடவை விரட்டினோம், திரும்பி வந்த பிறகு நாங்கள் அதை விரட்டவே இல்லை.

ரீபாவையும் கடித்தது. கெண்டைக்காலில். ஏழு தடவை கழுவினால் போதும் என்று நான்தான் அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஊசி போடவில்லை. யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவும் இல்லை. திசையன்விளையில் அவள் மாமா வீட்டுக்கு அம்மாவோடு போயிருக்கிறாளாம். அங்கன அவளுக்கு யார் தண்ணி குடுத்துப் பாப்பாங்க டீச்சர்

முஃபீதாவின் தகப்பனார் அவர்களுக்கு, வகுப்பாசிரியை விஜயஸ்ரீ எழுதுவது. வணக்கம். இதற்கு மேல் பிழை பார்க்க என்னால் முடியவில்லை. உங்கள் மகள் என் எதிரில்தான் நிற்கிறாள், அழுகையில் அவளால் எழுத முடியவில்லை. பிள்ளைகளைச் சத்துணவு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நான் திசையன்விளை பஸ்ஸுக்குப் போகிறேன். சாரம்மாளிடம் போன் இல்லை. மாமா வீடு எந்தத் தெரு என்றும் தெரியாது. கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். இது உங்களுக்கு எழுதிய கடிதம் என்பதால் போகிற வழியில் போட்டுவிடுகிறேன். அந்தக் குட்டியை விரட்டச் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.


ஆத்தங்கரைப்புதூர்,
29 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அன்புள்ள வாப்பாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், சுகம் அறிய ஆவல்.

அன்று ராத்திரி உம்மா போனில் பாதிதான் சொன்னார். மீதியை டீச்சர் எங்களுக்குச் சொன்னார்.

திசையன்விளைச் சந்தையில் ஒவ்வொரு கடையாகச் சாரம்மாள் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். ஒரு முறுக்குக் கடைக்காரர்தான் வீட்டைக் காட்டியிருக்கிறார். உள்ளே போனால் ரீபா பாயில் சுருண்டு கிடந்தாளாம், காய்ச்சல். டீச்சர் அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி, "குடிம்மா" என்று நீட்டினார். ரீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் நீட்டினார். மறுபடியும் திருப்பினாள். சாரம்மாள் அக்கா, "ஏன் டீச்சர் அழுதிய?" என்று கேட்டாராம்.

அப்புறம் ரீபா, "வெந்நி வேண்டாம் டீச்சர், பச்சத் தண்ணி தாங்க" என்றாளாம். கொடுத்ததும் மடமடவென்று குடித்துவிட்டாள். சாதாரணக் காய்ச்சல்தான். டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு, சாரம்மாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு, அப்படியே பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கடித்த இடத்தைச் சுற்றியும் ஊசி, கையிலும் ஊசி. "லேட்டுதான். ஆனாலும் இப்பமாவது கொண்டு வந்தியளே" என்றாராம் டாக்டர். எல்லா ஊசியும் போட்டு, அதற்குப் பிறகும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

திங்கட்கிழமை நர்ஸ் அக்கா பள்ளிக்கூடத்துக்கே வந்து எல்லோரையும் கேட்டார். குட்டி நக்கிய, கீறிய பிள்ளைகளுக்கும் ஊசி. உம்மா என்னை அடிக்கவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சாரம்மாள் அக்கா வீட்டுக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். "நான்தான் எம் பிள்ளைய வாயத் தெறக்க விடல" என்று உம்மா சொன்னது கேட்டது. சாரம்மாள் அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை. டவுன் வேனைப் பற்றி உம்மா இன்னும் எதுவும் பேசவில்லை, அதுவும் பயமாக இருக்கிறது.

மகள்,
முஃபீதா


தம்மாம்,
12 செப்டம்பர் 2025

என் மகள் முஃபீதாவுக்கு வாப்பாவின் ஸலாம். உடம்பு சுகம். மனசு சுகமில்லை.

டீச்சர் அனுப்பிய கடிதம் வந்தது. மேலே ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மையில் சின்னச் சின்னத் திருத்தம். "என்னை நாய் கடித்தது" என்ற இடத்தோடு சிவப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உன் பிழைகள் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்த வரியைப் படித்தேன். அவளுக்குத்தான் ரத்தம் அதிகம் என்று நீ எழுதியதையும் படித்தேன். சிக்னல் கிடைத்ததும் உன் பெயர் மட்டும்தான் வாயில் வந்தது. உனக்கு ஊசி போட்டாயிற்று என்றதும் அந்தப் பிள்ளை என் மனசிலேயே இல்லை. அவளுக்கும் ஒரு வாப்பா இருந்து, இதே மணலில் நின்றிருந்தால் இப்படி விட்டிருப்பானா? வெட்கமாக இருக்கிறது மகளே. நான் மறந்ததை நீ மறக்கவில்லை.

இனி நமக்குள் கீழே, மேலே என்று எதுவும் வேண்டாம். உம்மாவிடம் பேசிவிட்டேன். வேனும் இல்லை, டவுன் பள்ளிக்கூடமும் இல்லை. ஐந்தாம் வகுப்பை அங்கேயே முடி. கலர் பென்சில் பெட்டி வந்து சேரும், அதில் பாதி ரீபாவுக்கு. கழுத்துப் பட்டையை இங்கேயே மணலில் புதைத்துவிட்டேன்.

அவள் தண்ணீர் குடிக்கிறாளா? தினமும் பார்த்து எழுது. போனிலும் சொல், ஸ்பீக்கரிலேயே சொல்.

வாப்பா


ஆத்தங்கரைப்புதூர்,
26 செப்டம்பர் 2025, வெள்ளி

அன்புள்ள வாப்பாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா?

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. ரீபாவுக்குக் கடைசி ஊசியும் போட்டாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். இன்னும் சில மாதம் கவனமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சாரம்மாள் அக்கா காலையில் அவளை விட வரும்போது என்னைப் பார்ப்பதில்லை. நேற்று மட்டும், "எம்மா, அவளப் பைய வெளையாடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன், இந்தத் தடவை சரியான பக்கம்.

பென்சில் வந்தது. பாதிக்குப் பாதி பிரித்துவிட்டோம். நீலம் மட்டும் ரெண்டு பேருக்கும் வேண்டியிருந்தது, அவளுக்குக் கொடுத்தேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து ரீபா குழாயடிக்குப் போவாள். அவள் தம்ளரைத் தூக்கியதும் பேச்சு எல்லாம் நின்றுவிடும். சத்துணவு அம்மா கரண்டியோடு நிற்பார். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார், பார்க்காத மாதிரி. அவள் முழுங்கின பிறகுதான் மறுபடி சத்தம் வரும். "ஏன் எல்லாரும் என்னையே பாக்கிய?" என்று அவள் கேட்கிறாள். நாங்கள் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இதற்குக் கீழே எழுத என்னிடம் ஒன்றும் இல்லை வாப்பா. ஆனால் இடம் மீதி இருக்கிறது. இனிமேல் டீச்சருக்கு எழுதமாட்டாளாம், உங்களுக்குத்தான் எழுதுவாளாம் என்று ரீபா பேனாவைப் பிடுங்குகிறாள். அவள் எழுதியதைத் திருத்த வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

மாமா நா ரீபா. நல்லாருக்கேன் நீங்க நல்லாருக்கீங்களா. இன்னைக்கும் தண்ணி குடிச்சிட்டேன்.